பிஸ்கட்டின் நன்னடத்தை

வளைவுக்கு நூறடி முன்பே பிஸ்கட் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடுவார். எதிரே வருவது வெள்ளாடாக இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டி வழிவிடுவார். பின்சீட்டில் மூன்று பேருக்கு மேல் ஏற்றமாட்டார். பிரவுன்ஸ் டவுன் டாக்ஸிக்காரர்களில் இப்படி ஒருவரைக் காட்டச் சொன்னால் இவரைத்தான் காட்டமுடியும்.

"ஏம்ப்பா பிஸ்கட், வீடு போறதுக்குள்ள என் மீன் நாறிடும்ப்பா!" என்பார் பின்சீட்டிலிருந்து மிஸ் இக்கில்டா. கல்யாணமானாலும் அந்த ஊரில் பெண்கள் 'மிஸ்'தான்.

"நாறட்டும் மிஸ் இக்கி. மீன்கிட்ட யாரும் போலீஸ் சர்ட்டிபிகேட் கேக்கமாட்டாங்க. என்கிட்ட கேக்கறாங்க."

பதினாறு வருடங்களுக்கு முன் அவர் ஒரு சவ ஊர்தியை வளைவில் முந்தினார். அன்றும் பின்சீட்டில் மிஸ் இக்கில்டாதான். ஊர்தியில் போனது அவர் புருஷன். "அந்த மனுஷன் எனக்கு முன்னாடி சர்ச்சுக்குப் போயிட்டா ஊர் என்ன பேசும்? மிதிப்பா!" என்று விரட்டியதும் அவரே. நீதிபதிக்கு இதெல்லாம் ஒரு காரணமாகப் படவில்லை. அபாயகரமாக ஓட்டிய குற்றம் பதிவேட்டில் ஏறிவிட்டது. அது இருக்கும்வரை பள்ளிக்கூட பஸ்ஸை பிஸ்கட் தொடமுடியாது. பிஸ்கட்டுக்கோ அந்த பஸ்மேல்தான் கண். பழைய டிரைவர் ஓய்வு பெற்றுவிட்டார். செப்டம்பரில் பள்ளி திறக்கும்வரை இடம் காலி.

குற்றத்தை நீக்க மனுப் போட்டார். நன்னடத்தைக்கு இரண்டு பேர் கடிதம் தரவேண்டும். பாஸ்டரும் மிஸ் இக்கில்டாவும் உருகி உருகி எழுதினார்கள். தலைநகர் கிங்ஸ்டனிலிருந்து இரண்டும் திரும்பி வந்தன. மனுதாரர் எத்தல்பர்ட் கம்மிங்ஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, யார் இந்த பிஸ்கட் என்று கேட்டிருந்தார்கள்.

"இருபது வருஷமா உன் வண்டில வர்றேன். இப்படி ஒரு பேர் இருக்குன்னு சொல்லவேணாமா?"

"எங்கம்மா அடிக்கறப்ப மட்டும்தான் அப்படிக் கூப்பிடும் மிஸ் இக்கி. அதை எதுக்கு ஞாபகப்படுத்திக்கிட்டு?"

பெயர் மாற்றி மறுபடி எழுதினார்கள். ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை, தபாலாபீஸ் வாசலில் ஏறிய மிஸ் இக்கில்டா பிஸ்கட்டுக்கு வந்த கிங்ஸ்டன் கடிதத்தைக் கையோடு கொண்டுவந்தார். பிஸ்கட் ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுக்காததால் அவரே பிரித்து உரக்கப் படித்தார். குற்றம் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

வண்டிக்குள் ஒரே கூச்சல். மிஸ் இக்கில்டா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தெருவுக்கே சேதி சொன்னார். "இன்னும் என்னய்யா பயம்? இன்னிக்காவது மிதி!"

பிஸ்கட் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். இறங்கிப்போய் ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்தார். விரல் நீட்டித் தலைகளை எண்ணினார். பிறகு மிஸ் இக்கில்டாவின் கையைப் பிடித்து, மெதுவாக உள்ளே எடுத்து வைத்தார்.