முன்வரிசையில் ஒரு தீயணைப்பு வீரர்

வெர்சாய் அரண்மனையின் ஓபரா அரங்கில் பளிங்காகத் தெரிவதெல்லாம் சாயம் பூசிய மரம். அதனால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மேடையோரத்தில் ஒரு தீயணைப்பு வீரர் காவலிருப்பார். இருபத்தாறு வருடம் அப்படி உட்கார்ந்து பாடகர்களின் முதுகையே பார்த்த அன்செல்ம், ஓய்வு பெற்றதும் ஒரு ஓபராவையாவது நிம்மதியாகக் கேட்க ஆசைப்பட்டு, மனைவி ஒதீலுடன் முன்வரிசையில் அமர்ந்தார். மேடையில் நிஜ மெழுகுவர்த்திகள் எரிந்தன. கண் சுடரிலேயே நின்றது. பாட்டு காதில் ஏறவில்லை.

"மோப்பம் பிடிக்காதீங்க, பக்கத்துல பாக்குறாங்க," என்றாள் ஒதீல்.

இடைவேளையில் மேடையோரத்துக்குப் போனார். அன்று காவலில் இருந்த சொலாஞ்ஜ் சிரித்தாள். "உங்க சீட்டு அங்கல்ல இருக்கு, சார்?"

"அங்க ஒண்ணுமே கேக்கலம்மா. கொஞ்சம் தள்ளி உக்காரு."

அதன்பிறகு ஒரு வரி விடாமல் கேட்டார், முன்வரிசையில் ஒதீலும்தான்.