விளக்கு பதினேழு, தயார்

எங்கள் கூட்டத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவோம். கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். "எங்கப்பா பஸ் கண்டக்டர்" என்று கம்பீரமாக ஆரம்பித்தவள், தன் பெயரைச் சொல்ல மறந்து உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அதை யார் கேட்டார்கள்?

நாடகத் துறை, மூன்று வருடப் படிப்பு. பதினெட்டுப் பேர் சேர்ந்தோம், பதினெட்டுப் பேரும் நடிக்கத்தான். நாற்காலி தூக்கிப் போடுகிறேன், திரை இழுக்கிறேன் என்று விண்ணப்பம் போட்டு யாராவது வருவார்களா? என்னை மேடையில் நடக்கச் சொன்னார்கள். வலது காலோடு வலது கையும் சேர்ந்து முன்னால் வந்தது. வகுப்பே வயிறு குலுங்கச் சிரித்தது. முதல் அரையாண்டு முடிவதற்குள் என்னை மேடை விளக்குகளை இயக்கும் மாடி அறைக்கு ஏற்றிவிட்டார்கள். எனக்குப் பெரிய வருத்தமில்லை, அங்கே ஃபேன் இருந்தது.

கண்டக்டர் அப்படியில்லை. அவளுக்கு நல்ல குரல். வசனத்தை ஒருமுறை படித்தால் போதும், மனதில் நின்றுவிடும். அதுவே வினையாகிவிட்டது. தன் வசனம் மட்டுமா நின்றது, எல்லாருடைய வசனமும் நின்றது. எதிரில் இருப்பவன் பேசும்போது இவள் உதடும் கூடவே அசையும். காதலன் "உன்னை மறக்க மாட்டேன்" என்று உருகுவான், இவளும் சத்தமில்லாமல் "உன்னை மறக்க மாட்டேன்" என்பாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள். வாயில் மிட்டாயை அடக்கிப் பார்த்தாள். மிட்டாய்தான் கரைந்தது.

இரண்டாம் வருடம் நடுவில், பாடம் எடுத்த மேடம் அவளைக் கூப்பிட்டார். "உனக்கு நாடகம் முழுசா தெரியுது. உன் பாத்திரத்துக்குள்ள மட்டும் இருக்கத் தெரியல. மேடை நிர்வாகத்துக்கு வந்துடு" என்றார். அவ்வளவுதான், ஐந்து நிமிடப் பேச்சு. அன்று சாயங்காலம் உடை அறையில், வரிசையாகத் தொங்கிய கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். நான் டீ வாங்கிப் போய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"அப்பாகிட்ட என்னன்னு சொல்வேன்?" என்றாள்.

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. மனிதர் டிப்போ முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தார். டிக்கெட் கிழிக்கும்போதுகூட, "எம்பொண்ணு நடிக்கப் படிக்கிறா, கூடிய சீக்கிரம் பாப்பீங்க" என்று முன்பின் தெரியாத பயணிகளிடம் சொல்லுவாராம். "நாளைக்குச் சொல்லிடறேன்" என்று இவள் ஒன்றரை வருடம் ஓட்டினாள். வீட்டில் கேட்டால், "ஒத்திகை நல்லா நடக்குதுப்பா" என்பாள். அது பொய்யும் இல்லை.

வேலையைப் பொறுத்தவரை அவள் புலி. மேடை ஓரத்தில், பக்கத் திரைக்குப் பின்னால் அவளுக்கு ஒரு முக்காலி, ஒரு குட்டி மேஜை, காதில் மாட்டிப் பேசும் கருவி. மேஜையில் நாடகப் பிரதி இருக்கும், அதன் ஓரமெல்லாம் ஒவ்வொரு விளக்கு மாற்றத்துக்கும் பென்சிலில் ஓர் எண். "விளக்கு ஐந்து, தயார்" என்று அவள் சொன்னால் என் விரல் பொத்தான் மேல் வந்து உட்கார வேண்டும். "போ" என்றால் அழுத்த வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசித்தால் அரை வினாடி தாமதமாகும், செத்துப்போன பாத்திரம் வெளிச்சத்தில் மூக்கைச் சொறியும்.

அதனால் அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். அந்தக் கருவியில் வேறு எதற்காகவும் "போ" என்ற எழுத்து வாயில் வரக் கூடாது. டீக்குப் போகிறேன் என்று சொல்ல முடியாது, டீக்குக் கிளம்புகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். போதும், போச்சு, எல்லாவற்றுக்கும் தடை. "போடா" என்று திட்டக்கூட வழியில்லை. திரை இழுப்பவனை அவள் "வாடா எருமை" என்று திட்டுவாள். அவனும் வந்து நிற்பான்.

கடைசி வருடத் தேர்வுக்கு முழுநீள நாடகம். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். முந்தின நாள் ஒத்திகை நடுவிலேயே அப்பாவிடமிருந்து போன் வந்தது. டூட்டியைக் காலைக்கு மாற்றிக்கொண்டாராம், அம்மாவும் வருகிறாராம், இருபது வருடமாகக் கூடவே ஓட்டுகிற டிரைவரும் வருகிறாராம். "மூணாவது வரிசை, நடுவுல. உன் முகத்துக்கு நேரா உக்காந்திருப்போம்" என்றாராம். சனிக்கிழமை காலையில் அவள் வீட்டில் சாப்பிடாமலேயே கிளம்பி வந்தாள்.

நாடகம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கதாநாயகியாக நடித்தவளை நாங்கள் மகாராணி என்போம், மூன்று வருடத்தில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தியதில்லை. முதல் காட்சி முடிந்தது, இரண்டாவது முடிந்தது. என் அறைக் கண்ணாடி வழியாக மூன்றாம் வரிசை தெரிந்தது. காக்கிச் சட்டையோடு அவள் அப்பா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவர் மேடைக்கு வரும்போதும் நிமிர்வார், பிறகு தளர்வார்.

மூன்றாம் காட்சியின் கடைசிப் பக்கம். மகாராணி நடு மேடையில் கதவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்ததும் மேடை இருள வேண்டும்.

"விளக்கு பதினேழு, தயார்."

விரலை வைத்தேன். அப்போது அவள் அப்பா எழுந்தார். வரிசையில் இருந்தவர்களின் முழங்காலைத் தாண்டி நடைபாதைக்கு வந்தார். திரை இடுக்கு வழியாக அவளும் பார்த்திருக்கிறாள். என் காதில் மெல்ல ஒரு குரல் கேட்டது.

"போகாதீங்கப்பா."

நம் மொழியில் 'வேண்டாம்' என்கிற பகுதி சொல்லின் கடைசியில்தானே வந்து ஒட்டிக்கொள்கிறது? "போ" வந்தது, நான் அழுத்திவிட்டேன். மீதி வருவதற்குள் அரங்கம் கும்மிருட்டு.

மகாராணி வாயடைத்துப் போனாள். அவளுக்கு இன்னும் ஒரு வரி பாக்கி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு வினாடி, இரண்டு வினாடி. அப்போது மேடை ஓரத்திலிருந்து, கருவியில் இல்லை, திறந்த குரலில், கணீரென்று அந்த வரி வந்தது.

"பயப்படாதீங்க. நான் இங்கேதான் இருக்கேன்."

நான் கதை கட்டவில்லை. பிரதியில் நாற்பத்திரண்டாம் பக்கம் அப்படித்தான் இருந்தது. எல்லாருடைய வசனத்தையும் சேர்த்துச் சொல்கிற அந்த உதடு, முதல் தடவையாகச் சத்தமாகச் சொல்லிவிட்டது. உடனே என் காதில், ஒன்றுமே நடக்காததுபோல, "விளக்கு பதினெட்டு, தயார். போ" என்றாள். அடுத்த காட்சிக்கு வெளிச்சம் வந்தபோது அவள் அப்பா நடைபாதையிலேயே நின்றிருந்தார். பிறகு மெதுவாகத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் மேடையைப் பார்க்கவில்லை, மேடை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்வாளர் கெட்டிக்காரர். "விளக்கு முந்திவிட்டது" என்று எனக்கு மதிப்பெண்ணை வெட்டினார். "என் வாய்தான் சார் காரணம்" என்று கண்டக்டர் முன்னால் வந்தாள். நல்லது என்று அவளுக்கும் வெட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு மூன்று பேரும் பக்கப் படியேறி வந்தார்கள். நானும் அதற்குள் கீழே இறங்கி வந்திருந்தேன். அவள் முக்காலியைவிட்டு எழுந்தாள்.

"எழுந்து எங்கேப்பா கிளம்பினீங்க?" அப்போதும் "போ" வரவில்லை.

"உன்னைத் தேடித்தான். மூணாவது சீனும் முடியற நேரம், உன்னைக் காணோம். நீ காலையில சாப்பிடாம வந்துட்டேன்னு அம்மா சொன்னா. எங்கயாவது மயங்கி விழுந்துட்டியோன்னு பயந்துட்டேன்."

அவள் உடைந்துவிட்டாள். "நான் நடிக்கலப்பா. ஒண்ணரை வருஷமா நடிக்கல. உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

அவர் மேஜையில் திறந்து கிடந்த பிரதியைப் புரட்டினார். "இதெல்லாம் என்ன நம்பர்?"

"எது எப்ப நடக்கணும்னு எழுதி வெச்சிருக்கேன். நான் சொன்னாத்தான் விளக்கு மாறும், திரை நகரும்."

"நீ சொல்லலன்னா?"

"ஒண்ணும் நகராது."

அவர் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா?"

"கேட்டேன்" என்றார் டிரைவர். "உன் வேலைதான். நீ சொல்லாம என்னிக்காவது நான் வண்டியை எடுத்திருக்கேனா? எடுத்தா வண்டை வண்டையா திட்டுவே."

"பஸ்ல ஏறுற யாரும் கண்டக்டரைப் பாக்கறதுக்காக ஏறறதில்லம்மா" என்றார் அப்பா. "எனக்குப் புரியாதா இது? இதுக்காகவா ஒண்ணரை வருஷம் தனியா அழுதே?"

அம்மா பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து, அவள் கையில் ஸ்பூனைத் திணித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, இருமுவதுபோல நடித்தேன். என் வாழ்நாளில் அதுதான் என் ஒரே நல்ல நடிப்பு.

நாலு வாய் சாப்பிட்டதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காதுக் கருவியைக் கழற்றி அப்பாவின் தலையில் மாட்டினாள். "எல்லாரும் வெளிய கிளம்பியாச்சு. கடைசி விளக்கு மட்டும் பாக்கி. நீங்க சொல்லுங்க." நான் மறுபடி என் அறைக்கு ஓடினேன்.

அவர் காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்தார். காலி இருக்கைகளை முன்னும் பின்னும் ஒரு பார்வை பார்த்தார். யாரும் இறங்க மிச்சமில்லை என்று தெரிந்ததும், "போலாம்..." என்றார்.

என் விரல் துடித்தது. ஆனால் அன்று மத்தியானம் ஒரு பாடம் படித்திருந்தேன். பொறுத்திருந்தேன்.

"ரைட்!" என்றார். அழுத்தினேன்.