மகள் காலில் பேனாக் கோடு

டாக்டரம்மா பால்பாயிண்ட் பேனாவை எடுத்து என் மகளின் கெண்டைக்காலில் கோடு போட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வயலுக்கு வரப்பு கட்டுவதுபோல, சிவந்து தடித்திருந்த இடத்தைச் சுற்றி ஒரு வளையம். நடுவில், சற்று முன்புதான் கீறிச் சீழை வெளியேற்றிய கட்டி.

"செவப்பு இந்தக் கோட்டத் தாண்டுனா அடுத்த பஸ்ஸப் புடிச்சி வந்துடணும்மா. கேப்சூல ஏழு நாளும் விடாம குடுங்க. மூணு நாள்ல ஆறிட்ட மாதிரி தெரியும், நிறுத்திடாதீங்க" என்றார்.

நான் நிறுத்தினேன். எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற திமிர் எனக்கு எப்போதுமே உண்டு. பத்தாவது பரீட்சை முடிந்து, மாம்பழமும் கையுமாக வீட்டில் கிடந்தவளுக்கு வந்தது சூட்டுக்கட்டிதான் என்று நானே முடிவு கட்டி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் வந்த பிறகுதான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன்.

மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது, காய்ச்சலும் விட்டது. மகள் சோற்றுத்தட்டைத் தள்ளிவைத்தாள். "வயிறு எரியுதும்மா, ஒண்ணும் எறங்கல." சூட்டால் வந்த கட்டிக்குச் சூட்டைக் கிளப்பும் மாத்திரையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. "போதும் வுடு, மோரக் குடி" என்றேன். மிச்ச கேப்சூலை அட்டையோடு அஞ்சறைப்பெட்டி பக்கத்தில் வைத்தேன், அடுத்த கட்டிக்கு ஆகும் என்று. இன்றும் அவள் கால் தழும்பைப் பார்த்தால் எனக்கு அந்த அட்டைதான் ஞாபகம் வரும்.

ஆனால் கோட்டைப் பார்ப்பதை மட்டும் நான் விடவில்லை. தினமும் மக்காச்சோளக் கொல்லைக்குக் கிளம்பும் முன் "காலக் காட்டு" என்பேன். பாவாடையைச் சற்றுத் தூக்கிக் காட்டிவிட்டுச் சட்டென்று இறக்கிவிடுவாள். "உள்ளதான்மா இருக்குது." ஆமாம், சிவப்பு கோட்டுக்குள்தான் இருந்தது. ஆறாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அன்றும் கோட்டுக்குள்தான் இருந்தது. இத்தனை நாள் குளித்தும் கோடு மங்கவே இல்லையே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஏழாம் நாள் மத்தியானம் கொல்லையிலிருந்து வந்தேன். அந்த வெயிலில் கழுத்துவரை கம்பளி போர்த்திக்கொண்டு, பல் தந்தியடிக்கக் கிடந்தாள். கம்பளியை இழுத்தேன். கால் பளபளவென்று வீங்கிச் சிவந்திருந்தது. கோடு அப்போதும் அதை ஒழுங்காகச் சுற்றி நின்றது.

அப்புறம்தான் மச்சத்தைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே உளுந்தளவு மச்சம். பிறந்தபோதே நான் பார்த்து வைத்தது. டாக்டரம்மா கோடு போட்ட அன்று அது கோட்டுக்கு வெளியே இரண்டு விரல்கடை தள்ளி இருந்தது. இப்போது கோட்டுக்கு உள்ளே இருந்தது.

"யாருடி கோட்ட மாத்தனது?"

"நாந்தாம்மா. செவப்பு வர வர அழிச்சிட்டு, தள்ளித் தள்ளிப் போட்டுக்கினு வந்தேன்."

"இன்னாத்துக்குடி?"

"ஆஸ்பத்திரிக்குப் போனா மாத்திர நிறுத்துனது தெரிஞ்சிடும். டாக்டரம்மா எல்லார் எதுருலயும் உன்னத் திட்டுவாங்க."

நைனார்பாளையத்தில் கள்ளக்குறிச்சிக்கு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அவள் தலை என் மடியில் கொதித்தது.

டாக்டரம்மா காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மாத்திர ஒழுங்கா குடுத்தீங்களாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "நாந்தாங்க சாப்புடல."

"இல்லீங்க, நாந்தான் நிறுத்தனேன்" என்றேன்.

அவர் அவளை வார்டில் சேர்த்தார். ஊசி போடச் சொன்னார். பேனாவை எடுத்து, முழங்காலுக்கு மேலே தொடையில் புதிதாக ஒரு கோடு போட்டார். அதை நர்ஸிடம் காட்டி, "இனிமே நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் என் விரலைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"திட்டலம்மா" என்றாள், நிம்மதியாக.