எந்தக் கைக்கு மருந்து

வாஷியிலிருந்து ஹார்பர் லைன் மின்சார ரயிலில் வந்துகொண்டிருந்தேன். மான்குர்டு தாண்டியதும் கைப்பேசியில் 'வசந்தாக்கா வீடு' என்று வந்தது. வெள்ளிக்கிழமை காலை, வழக்கமாக அவர் கூப்பிடும் நேரம். "இந்த வாரம் எந்தக் கை தேவலைக்கா?" என்று கேட்டபடியே எடுத்தேன். பேசியவர் அவர் கணவர் கிருஷ்ணன் சார். "நூர், வசந்தா போயிட்டாம்மா. காபி குடிச்சுண்டே இருந்தா, அப்படியே சாஞ்சுட்டா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. இனி யாரிடம் சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது. அக்கா காத்திருந்த ஒரு பதில் என்னிடம் மட்டும் இருந்தது.

செம்பூரில் வலித் தைலம் செய்யும் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாட்டுங்காக்காரர், பாலக்காட்டுக் குடும்பம். நொச்சி, சுக்கு, எலுமிச்சைப்புல் மூன்றிலிருந்தும் எடுத்த சாரத்துக்கு வீக்கத்தை வற்றவைக்கும் குணம் உண்டா என்று பார்ப்பதிலேயே வேலைக்காலத்தைக் கழித்தவர். நான் தாராவியில் தோல் பை பட்டறை வீட்டுப் பெண். "தோல் வாசத்துலயே தேறின மூக்குடி உன்னோடது, எதை வேணா நம்பிக் குடுக்கலாம்" என்று என்னைச் சீண்டுவார். எண்ணெய் வந்து இறங்கினால் முதலில் முகர்ந்து பார்ப்பது நாங்கள் இருவரும்தான்.

கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த உயிரணுக்களில் அந்தச் சாரம் நன்றாகவே வேலை செய்தது. அன்று மேலாளர் இனிப்பு வாங்கி வந்தார். டப்பாவில் 'வீக்கத்தை வற்றச் செய்யும்' என்று அச்சடிக்கலாம் என்றார். அக்கா இனிப்பை எடுத்துக்கொண்டார், கையெழுத்து மட்டும் போடவில்லை. "கிண்ணம் வேற, முழங்கால் வேற. தோலைத் தாண்டி உள்ள போறதான்னு யார் பார்த்தா?" என்றார். மேலாளர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. தடவியவர்கள் வந்து குணமாயிற்று என்று சொன்னாலும் அக்கா விடமாட்டார். "ஆறித்துன்னா போறாது. எதனால ஆறித்துன்னு தெரியணும்."

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கே மூட்டுவாதம் வந்தது. விரல் கணுக்கள் வீங்கி, இரண்டு கை மோதிரங்களும் கழற்ற முடியாமல் மாட்டிக்கொண்டன. அதற்கு முன்பே, ஊரெல்லாம் காய்ச்சல் பரவிய காலத்தில், அவருடைய வாசனை உணர்வு போயிருந்தது. சாம்பாரில் பெருங்காயம் தெரியவில்லை என்று கலங்கிப் பேசினார். விரல்களும் வீங்கிய பிறகு ஒருநாள் அவரே குதூகலமாகக் கூப்பிட்டார். "நூர், தைலத்தையும் வெறும் எண்ணெயையும் வாசனை காட்டிக் குடுத்துடும்னு அப்போ மனுஷா மேல பண்ற சோதனையை விட்டோமே. இப்ப நேக்கு மூக்கே இல்லை. என்னை விடத் தோதான ஆள் யாருடி?"

சொன்னபடி செய்தேன். இரண்டு பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள். வலது கைக்குச் சிவப்பு மூடி, இடது கைக்கு நீல மூடி. ஒன்றில் நல்லெண்ணெயில் கலந்த சாரம், மற்றதில் வெறும் நல்லெண்ணெய். எது எதில் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். தானே தேய்த்தால் ஒரு கை எண்ணெய் மறு கையில் படும் என்று, தேய்க்கும் பொறுப்பைச் சாரிடம் கொடுத்தார். "வாசனை வந்தாலும் வாயைத் திறக்கப்படாது" என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். புட்டிகள் சாருடைய அலமாரியில். டாக்டர் கொடுத்த மாத்திரை வழக்கம்போல. சதுர்த்தி முடிந்து கணபதியைக் கடலில் கரைத்த பிறகு நான் விடையைச் சொல்ல வேண்டும்.

ஜூன் மழை தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அதே பேச்சு. "ரெண்டும் தேவலை. மோதிரம் சுத்தறது. ஆனா இடதுதான்டி ஒரு படி மேல."

இடது கைக்கு வெறும் நல்லெண்ணெய்.

அந்த மழைக்காலம் நான் பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும். ஒருத்தி ஆயுசு முழுக்க நம்பிய சாரத்தை, கடையில் கிடைக்கும் எண்ணெய் தோற்கடித்துக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் ஒருநாள், "யக்கா, இப்பமே சொல்லிரட்டுமா?" என்றேன். "மூச்சு விடாதே" என்று சிரித்தார்.

மாட்டுங்கா வீட்டுக்குப் போனபோது தெருவில் கணபதிப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் நொச்சி வாசம் நின்றது. நகைகளைக் கழற்ற அவர் நாத்தனார் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார். அது தேவைப்படவில்லை. இரண்டு மோதிரங்களும் தொட்டதும் உருவிக்கொண்டு வந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழவேண்டிய நேரத்தில் அந்த இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியங்கள் முடிந்த பிறகு சார் வரச் சொன்னார். புட்டிகளை மேசைமேல் வைத்தார். சிவப்பு மூடியைத் திறந்தால் அடி வரை காலி. நீல மூடி கழுத்து வரை ததும்பியது.

"நேக்கு வாசனை தெரியுமேம்மா" என்றார். "ஒரு கைக்கு மருந்து, இன்னொண்ணுக்கு வெறும் எண்ணெய்னு தேய்க்க மனசு வரலை. அதுவும் அவ கைதானே. மொத வாரத்துலேர்ந்து ரெண்டுக்கும் செவப்புதான். வாயைத் திறக்கலை, சத்தியத்தை மீறலை."

"சார், காரியத்தையே கெடுத்துட்டியளே!" என்று கத்திவிட்டேன். அக்கா இருந்திருந்தால் என்ன கூத்து நடந்திருக்கும் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. அத்தனை நாள் வராத அழுகை. சார் என் தலையைத் தொட்டு, "அவ கை ஆறித்தோல்லியோ?" என்றார். ஆமாம் என்றேன்.

அந்த நீல மூடிப் புட்டியைக் கேட்டு வாங்கி வந்தேன். அதுதான் அக்காவின் ஞாபகமாக என்னிடம் இருக்கிறது. வெறும் நல்லெண்ணெய், நொச்சி வாசம் அதற்குக் கிடையாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் அலமாரியைத் திறந்தால் நொச்சி மணக்கிறது. என் மூக்கை எதற்கும் நம்பலாம் என்று சொன்னவரே அவர்தான். புட்டியைக் கையில் எடுத்ததும் அந்தக் குரல் கேட்கிறது: "எதனாலடி ஆறித்து?" சாரமா, மாத்திரையா, தினமும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துத் தேய்த்துவிட்ட அந்த மனிதரா? பதில் தெரிந்திருந்தபோது அவர் என்னைச் சொல்லவிடவில்லை. இப்போது வாரந்தோறும் சொல்கிறேன். தெரியலக்கா.