தேவகி அக்கா வாங்கிக்கொண்ட சத்தியம்

போன் வந்தபோது நான் மீன் இறங்குகிற கரையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தேன். கை ஈரம். பக்கத்தில் நண்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்தான் எடுத்தார். "சொல்லு அண்ணா" என்றார். கேட்டுவிட்டுப் போனை என் காதில் வைத்தார். ஷார்ஜாவிலிருந்து அவருடைய அண்ணன். "லட்சுமிம்மா, உங்க அக்கா நம்மள வுட்டுட்டுப் பூட்டா" என்றார்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்த தேவகி அக்கா நிமிரவில்லையாம். நெஞ்சடைப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. முதலில் என் வீட்டுக்காரர் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் மூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அதற்குப் பிறகுதான் அழுதேன்.

ஏன் அப்படிப் பார்த்தேன் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் போட்டு அச்சடிக்கிற புத்தகத்தில் நாலு வரி எழுதிக் கொடு சித்தி என்று அக்கா மகள் சுமதி கேட்டாள். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் அவள் திருத்திக்கொள்ளட்டும். நாலு வரியில் மட்டும் இது அடங்காது.

தேவகி அக்கா எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரர் ஏழுமலையின் அண்ணன் மனைவி. ஆந்திரா எல்லையோரம் பிறந்தவர்கள். அப்பாவை நைனா என்றுதான் சொல்வார்கள். நான் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற கோட்டைக்குப்பத்துக்கு மருமகளாக வந்த முதல் நாள், நான் மீன் அரிவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னாடி, மீனுக்கு வலிக்குமேன்னு பாத்துப் பாத்து அரியிறியா?" என்று கேட்டார்கள். வாய் அப்படித்தான். ஊரில் பாதிப் பேருக்கு அவர்களைப் பிடிக்காது. கர்வம் பிடித்தவள் என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

முகத்துவாரம் மண் மூடி ஏரிக்குக் கடல் தண்ணீர் வராமல் போன வருஷம், அக்கா வீட்டுக்காரரான மூத்தவர் ஷார்ஜாவுக்குப் போய் மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிற வேலையில் சேர்ந்தார். பின்னாலேயே அக்காவும் வீட்டுச் சமையல் வேலைக்குப் போனார்கள். முதல் லீவில் வந்தபோது என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

"ஏழுமலையையும் அனுப்புடி. ஏரியில இன்னா கீது? சேறுதான் கீது. அங்க போட்டுக்கு ஆளு கேக்கறாங்க."

"உன் புருஷன் கடை நெழல்ல நிக்கிறாரு. என் புருஷன மட்டும் கடல்ல தள்ளப் பாக்கறியா?"

"கடல்லயே பொறந்தவன எவடி தள்றது?"

பேச்சு முற்றித் தெருவுக்கு வந்துவிட்டது. எனக்கு அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் கங்கையம்மன் கோயில் வாசலில் போய்ச் சூடம் ஏற்றினேன். "இனிமே இவ வூட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சேன்னா என் தாலி நிக்கக் கூடாது தாயே" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். அக்கா எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

எரிகிற சூடத்தை அணைத்துச் சொன்னதை நினைத்த நேரத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. யார் பேரைச் சொல்லி அணைத்தோமோ அவர்களும் வர வேண்டும். ரெண்டு பேரும் அதே இடத்தில் நின்று சேர்ந்து சூடம் ஏற்றினால்தான் அது விடும். எங்கள் பக்கம் அப்படித்தான்.

நான் சத்தியம் பண்ணியும் என் வீட்டுக்காரர் போகாமல் இருக்கவில்லை. அடுத்த மாசமே ஷார்ஜாவுக்குப் போய் மீன்பிடி போட்டில் ஏறினார். மூன்று வருஷம் நானும் அக்காவும் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள் அக்காவே போன் பண்ணினார்கள். "ஏழுமலைக்குத் திருக்கை முள்ளு குத்திச்சி. சுகர் வேற இருந்திருக்குது, சொல்லாம மறைச்சிட்டான். காலு கறுத்துப் போச்சு. காலை எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு. அவன் ஒத்துக்க மாட்டேன்றான். பாஸ்போர்ட் எடுத்து வெச்சிருக்கியே, விசா அனுப்பறேன், கெளம்பு."

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பஸ்ஸில் போனதைத் தவிர எனக்கு வெளியூர் தெரியாது. விமானத்தில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. எனக்கு ரெண்டு பயம். அவர் காலைப் பற்றி ஒன்று. நான் இறங்கப் போகிற வீடு அக்கா வீடு என்பது இன்னொன்று.

ஏர்போர்ட் வாசலில் அக்கா நின்றார்கள். இளைத்துப் போயிருந்தார்கள். கட்டிப் பிடிக்கவில்லை, எப்படி இருக்கே என்று கேட்கவில்லை. கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். "கடையில வாங்கனது. சீல் பிரிக்கல பாரு. குடி."

சத்தியத்தை மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

வீடு என்பது ஒரே ஃபிளாட்டில் பலகை அடித்துப் பிரித்த மூன்று அறைகள். அக்காவுக்கு ஒன்று. பக்கத்து அறையில் ஒரு கேரளத்துச் சேச்சி. என் சாப்பாட்டை அந்தச் சேச்சியின் அடுப்பில் சேச்சி கையால் சமைக்கச் சொல்லி ஏற்பாடு செய்திருந்தார்கள். தட்டை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் வைத்தார்கள்.

"இது என் வூடு இல்ல. பில்டிங்காரன் படி. எகிப்துக்காரன். அவன் வூட்ல சாப்பிட மாட்டேன்னு நீ சூடம் அணைக்கலியே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. குழம்பில் தேங்காய் எண்ணெய் வாசனை. "நான் உப்புகூடப் போடல, துன்னு" என்றார்கள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை படிக்குக் கீழே நின்று, ஏறி இறங்குகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அண்ணி வூட்ல தண்ணி குடிச்சியா?" என்பதுதான்.

"இல்ல."

"குடிச்சிடாத."

காய்ச்சல் கொதித்தது. கால் முழங்காலுக்குக் கீழே வேறு யாருடைய காலோ மாதிரி இருந்தது. காலில்லாமல் ஏரியில் எப்படி இறங்குவேன், என்னை இப்படியே ஊருக்கு அனுப்பி வையுங்கள் என்றார். அக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள், "டேய் ஏழுமலை, நண்டுக்குக் காலு போனா மறுபடி மொளைக்குது. உனக்கு மொளைக்காதுதான், ஒத்துக்கறேன். ஆனா உசுரு ரெண்டு பேருக்குமே மொளைக்காதுடா."

அவர் என் பக்கம் திரும்பினார். "லட்சுமி சொல்லட்டும் அண்ணி. அவ சொன்னா போடறேன் கையெழுத்து."

எல்லாம் என் தலையில் வந்து நின்றது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாளும் சொல்லவில்லை. பாதத்தில் இருந்த கறுப்பு கணுக்காலைத் தாண்டியது. நான் அதைப் பார்க்காத மாதிரி போர்வையை இழுத்து விட்டேன்.

மூன்றாம் நாள் அக்கா ஆஸ்பத்திரியில் இருக்க, நான் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். உச்சி வெயில். ரெண்டு நாளாகத் தூக்கம் இல்லை. படியில் வைத்திருந்த என் பாட்டில் காலி. உள்ளே போனேன். எங்கள் வீட்டில் செய்கிற மாதிரியே கை தானாக ஃபிரிட்ஜைத் திறந்தது. சொம்பு இருந்தது. அண்ணாந்து குடித்தேன். பாதி குடித்துவிட்டு இறக்கும்போது சொம்பின் கழுத்தில் வெட்டியிருந்த பேரைப் பார்த்தேன். தேவகி. அவர்கள் கல்யாணச் சீர் சொம்பு. ஊரிலிருந்து கொண்டு வந்தது.

விழுங்கியதைத் துப்ப முடியுமா? விரலை விட்டுக்கூடப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் அக்காவின் போன். "விஷம் மேல ஏறுதாம். சாயங்காலத்துக்குள்ள காலை எடுக்கலன்னா ஒண்ணும் பண்ண முடியாதுன்றாங்க. டாக்சியில வரேன், கீழ எறங்கி நில்லு."

நான் இறங்கவில்லை. அக்கா மேலே ஏறி வந்து பார்த்தபோது சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பார்த்ததும் புரிந்துவிட்டது.

"குடிச்சிட்டியா?"

"பாதி."

"சரி, எழுந்துரு. டாக்சி நிக்குது."

"நான் சொல்ல மாட்டேன்க்கா. நான் குடிச்சாச்சி. இனிமே கத்தி வெச்சாலும் அவரு பொழைக்க மாட்டாரு. காலையும் எடுத்து உசுரையும் எடுக்கறதுக்கு நான் வாயால சொல்லணுமா? முழுசா போவட்டும்."

படித்தவர்கள் இதைப் படித்தால் சிரிக்கலாம். அன்றைக்கு எனக்கு அது சந்தேகமே இல்லாத விஷயம். அக்காவும், அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று சொல்லவில்லை. அவர்களும் அதே கோயிலுக்குப் பொங்கல் வைத்தவர்கள்தானே. சாமிப் படத்துக்குக் கீழே இருந்த டப்பாவிலிருந்து சூடத்தை எடுத்தார்கள். அறைக்குள் ஏற்றினால் புகைக்குக் கூரையில் இருக்கிற மெஷின் கத்தும். படிக்குக் கொண்டு போனார்கள். மீன் வைக்கிற தட்டில் வைத்துக் கொளுத்தினார்கள்.

வாசனைக்கு வாட்ச்மேன் ஓடி வந்து கத்தினான். "பூஜா பாய், பூஜா, ஏக் மினிட்" என்றார்கள் அக்கா. அவன் நின்றான். அக்கா என்னைப் பார்க்கவில்லை. நெருப்பைப் பார்த்துச் சொன்னார்கள்.

"கங்கையம்மா, இவ அணைச்சத நான் வாங்கிக்கறேன். குடிச்சது என் சொம்பு, என் வூட்டுத் தண்ணி. இன்னா வந்தாலும் என் மேல வரட்டும். அவன வுட்டுடு."

உள்ளங்கையை வைத்து அழுத்தினார்கள். சாதாரணமாக ஒரு தட்டுத் தட்டித்தான் அணைப்போம். இவர்கள் கையை எடுக்கவில்லை. பெரிய சூடக் கட்டி. தோல் பொசுங்குகிற நாற்றம் வந்தது.

இந்த இடத்தில் நான் பொய் எழுதக் கூடாது. நான் அவர்கள் கையைப் பிடித்திருக்கலாம். வேண்டாம் அக்கா என்று சொல்லியிருக்கலாம். எதிரேதான் நின்றேன். அவர் பிழைத்தால் போதும் என்று நின்றேன்.

"இப்ப வந்து சொல்லுவியா?" என்று கேட்டார்கள்.

போனோம். நான் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார். உள்ளே கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். அக்கா ஈரக் கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கேரளத்து நர்ஸம்மா கதவைத் திறந்து வெளியே வரும் வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். "நன்னாயிருக்கு, ஆளு முழிச்சாச்சு" என்று அந்தப் பொண்ணு சொன்னதும் அக்கா எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாசத்துக்கு மேல் அங்கே இருந்தோம். அத்தனை நாளும் எனக்குக் கடைத் தண்ணீர்தான், சேச்சி சோறுதான், எகிப்துக்காரன் படிதான். "இன்னும் வுடல. ஊருக்கு வந்து ரெண்டு பேரும் சேர்ந்து ஏத்தணும். அதுவரைக்கும் என் வூட்ல நீ தண்ணி தொடக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கிளம்புகிற அன்று ஏர்போர்ட்டில், "ஆடிக்கு வரேன். சூடத்த ஏத்திட்டு நேரா என் வூட்டுக்கு வா. ஒரு சொம்பு தண்ணி குடி. அப்பறம் சண்டை போடலாம்" என்றார்கள்.

அந்த ஆடிக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த ஆடிக்கும் இல்லை. போன் பண்ணும்போதெல்லாம் நான் கேட்பேன், "உடம்பு நல்லா கீதாக்கா?" "எனக்கு இன்னாடி, கல்லு மாதிரி கீறேன்" என்பார்கள். நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

சாவுச் செய்தி வந்து அஞ்சு நாள் கழித்து அக்கா பெட்டியில் வந்தார்கள். முகத்தை மட்டும் திறந்து காட்டினார்கள். நான் கையைப் பார்க்கணும் என்றேன். கூட வந்தவர்கள் முடியாது என்றார்கள். மூத்தவர்தான், "காட்டுங்க, அவ பாக்கட்டும்" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறது. துணியை விலக்கினார்கள். வலது உள்ளங்கை நடுவில் ஒரு சின்ன வட்டம், தோல் பளபளவென்று. நான் என் உள்ளங்கையை அதன் மேல் வைத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

நெஞ்சில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, ரொம்ப நாளாகவே இருந்திருக்கும், அதற்கும் சூடத்துக்கும் சம்பந்தமில்லை சித்தி என்று சுமதி சொல்கிறாள். படித்த பொண்ணு, சரியாகத்தான் இருக்கும். எனக்கு எது சரி என்று தெரியவில்லை. அவர்கள் அன்றைக்கு வாங்கிக்கொண்டபோது மனசோடு வாங்கிக்கொண்டார்கள், அது மட்டும் எனக்குத் தெரியும். கர்வம் பிடித்தவள் என்று சொன்ன ஊர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் அக்கா வீட்டைக் கழுவிவிட்டோம். அக்காவின் சாமான் மூட்டையை மூத்தவர் கூடத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பிரித்தேன். ரெண்டு புடவை, ஒரு ஸ்வெட்டர், அடியில் சொம்பு. தீட்டு நாளில் கோயில் வாசலை மிதிக்க முடியாது. முடிந்தாலும் சேர்ந்து ஏற்ற இன்னொரு கை இல்லை. சத்தியம் அணைத்தபடியேதான் இருக்கிறது. வாங்கிக்கொண்டவர்களே போன பிறகு அது என் வீட்டுக்காரர் மேல் திரும்புமோ என்று பயம்தான், ஆனால் என் வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணி குடி என்று அக்கா கேட்டது பாக்கி இருந்தது.

சுடுகாட்டிலிருந்து என் வீட்டுக்காரர் கட்டைக் காலோடு மெதுவாக நடந்து வந்து வாசலில் நின்றார். நான் சொம்பைக் கழுவி, அக்கா வீட்டுக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டேன். அவர் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். நடுவில் நிறுத்தாமல் முழுச் சொம்பையும் குடித்தேன்.

அவர் கையை நீட்டினார். இன்னொரு சொம்பு மொண்டு கொடுத்தேன். நின்றபடியே அவரும் குடித்தார்.

வந்துட்டேன்க்கா. உங்க வூட்டுத் தண்ணி குடிச்சாச்சி. நீங்க நிம்மதியா போங்க.