ஆடிக்காற்றில் ஐந்து குளம் தாண்டி

வாயைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து கன்னம் உப்பிவிடும்... ஆடி மாசத்துப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்படி. கூடவே மலைச்சாரல், முகத்தில் ஊசி ஊசியாய். குளத்தோரம் கோரைப்புல் வாசம். கிறீச் கிறீச் என்று என் கறுப்பு சைக்கிள்.

நேற்று நம்ம சைக்கிள் குரூப்பில் ஒரு தம்பி மேப் போட்டிருந்தான். டிராபிக்கே இல்லாத சீக்ரெட் ரூட்டாம். செல்வாம்பதி, கிருஷ்ணாம்பதி, நரசாம்பதி, கோளராம்பதி, வேடபட்டிப் புதுக்குளம் என்று ஐந்து குளத்துக்கரை... அப்புறம் தென்னந்தோப்புகளுக்குள் புகுந்து நரசிபுரம் காட்டோரம்.

கண்ணு, அந்த ரூட்டை நான் கண்டுபிடித்தபோது உங்கப்பனுக்கே மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

ஆனால் ஒன்று. நான் டிராபிக்குக்குப் பயந்து அந்த வழி போகவில்லை. அன்றைக்கு ரோட்டில் ஏது டிராபிக்? நான் பயந்தது சொந்தக்காரர்களுக்கு.

அப்போது பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். செல்வபுரத்தில் வீடு. வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் மாமனார் வந்து சரஸ்வதியை நரசிபுரத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். முதல் ஆடிக்குப் பெண் அம்மா வீட்டில்தான் இருக்கவேண்டும். மாசம் முடியும்வரை மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், சித்திரை வெயிலில் பிள்ளை பெற்றவர்களைக் கேளுங்கள்.

பஸ் ஏறும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் மோட்டார் போட்டா, நான்தானுங்க வாய்க்கால்ல துணி தொவைப்பேன்."

நான் கேட்கவே இல்லை... அவளாகச் சொன்னது!

பன்னிரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சைக்கிளை எடுத்தாயிற்று.

தொண்டாமுத்தூர் ரோட்டில் போனால் டீக்கடைக்கு ஒரு பங்காளி உட்கார்ந்திருப்பான். எங்கே கிளம்பினாய் என்று ஒருத்தன் கேட்டால் போதும், நான் போய்ச் சேருவதற்கு முன்னால் சங்கதி மாமனார் காதுக்குப் போய்விடும். அதனால்தான் குளத்துக்கரை. அங்கே என்னைப் பார்த்ததெல்லாம் நாரையும் எருமையும்தான். அதுகள் யாரிடமும் சொல்லாது.

எதிர்காற்று, சேறு, ரெண்டு இடத்தில் செயின் கழன்றது. கோளராம்பதிக் கரையில் இறங்கித் தள்ளினேன். ஆனால் என்ன ஒரு சந்தோஷம் தெரியுமா... புதுக்குளத்தைத் தாண்டியதும் மலை பச்சையாய் முன்னால் வந்து நின்றது. நான் பாட்டுக்குக் கத்திக்கொண்டே மிதித்தேன்.

காட்டோரம் போய்ச் சேர்ந்தேன். மாமனார் தோட்டம் கூப்பிடு தூரம். திடீரென்று தகரம் தட்டுகிற சத்தம். பத்திருபது பேர் கூச்சல். ஒரே ஓட்டம்.

முடிந்தது, நம்மைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். வேறு எதுவும் புத்திக்கு எட்டவில்லை. சைக்கிளோடு பள்ளத்துப் புதருக்குள் புகுந்து குத்தவைத்துக்கொண்டேன்.

உட்கார்ந்த பிறகுதான் வாசம் வந்தது. சாணி வாசம். மாட்டுச் சாணி இல்லை. பக்கத்தில் மூங்கில் படாரென்று ஒடிந்தது. திரும்பினால்... சுவர் மாதிரி ஒரு முதுகு. அதில் வால் ஒன்று ஆடுகிறது.

ஊரே அந்த யானையைத்தான் வாழைத்தோப்பிலிருந்து விரட்டிக்கொண்டிருக்கிறது. யாருக்குப் பயந்து ஓடினேனோ அந்தக் கூட்டத்துக்கே திரும்பி ஓடினேன். சைக்கிள் புதரில். செருப்பு ஒன்று சேற்றில். போய் நின்றது நேராக மாமனார் முன்னால்.

அவர் கையில் தகர டப்பா. என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அவசரமே படவில்லை மனுசன்.

"ஏனுங்க மாப்ள, ஆனை முடுக்கறதுக்கா இத்தன தூரம் வந்தீங்க?"

"இல்லீங்க மாமா... சும்மா, காத்து வாங்கலாம்னு."

"செல்வபுரத்துல காத்து தீந்துபோச்சுங்களா?"

யானையைக்கூட மறந்துவிட்டு ஊர் சிரித்தது.

யானை காட்டுக்குள் போனபிறகுதான் வழக்கு. ஆடியில் மாப்பிள்ளை வாசப்படி மிதிக்கக் கூடாது என்றார் மாமனார். வந்த மாப்பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பினால் ஊரில் தலைநிமிர முடியுமா என்றார் மாமியார். இருவரும் ரொம்ப மரியாதையாகச் சண்டை போட்டார்கள். நான் ஒற்றைச் செருப்போடு நடுவில் நின்றேன். சரஸ்வதி முகத்தைப் பார்க்காமலே திரும்பவேண்டியதுதான் போலிருக்கிறது.

கடைசியில் தீர்ப்பு... மோட்டார் ரூமில் சாப்பாடு. அது வீடு இல்லையல்லவா!

இலை போட்டு, சரஸ்வதி சோறும் கொள்ளுப் பருப்பும் கொண்டுவந்தாள். காவலுக்கு மாமியார். வாசலில் நின்றவர், நல்ல மனுசி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்தார். நான் சோற்றைப் பிசைவதும் நிமிர்வதுமாக இருந்தேன். அவள் நெற்றியில் சாரல் துளி. அஞ்சு நிமிசம் இருக்குமா?

"ஆனை மிதிச்சிருந்தா என்னுங்க பண்ணியிருப்பீங்க?" என்று குசுகுசுத்தாள்.

"மொகத்தப் பாத்துபோட்டுத்தான் செத்திருப்பேன் அம்மணி."

மலையைப் பார்த்துக்கொண்டிருந்த முதுகு சிரிப்பில் குலுங்கியது.

புதரிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளிக்கொண்டே வந்தது. பெடல் மிதித்த ஞாபகமே இல்லை.

இப்போது சில குளக்கரைகளில் நடைபாதை, பெஞ்சு எல்லாம் வந்துவிட்டது. இறுக்கிப் பிடிக்கிற உடுப்பு மாட்டிக்கொண்டு பிள்ளைகள் பறக்கிறார்கள். நானும் மகனுடைய கியர் சைக்கிளில் அவர்கள் பின்னால் போகிறேன். யாருக்கும் ஒளியவேண்டியதில்லை. எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம் என்று போன் சொல்கிறது. எதற்காகப் போனேன் என்று மட்டும் அதற்குத் தெரியாது.

அன்றைக்கு அஞ்சு நிமிசம் அந்த முகத்தைப் பார்க்க அஞ்சு குளம் தாண்டிப் போனேன். இன்றைக்கு அதே முகம் அரை மணி நேரமாகக் காபி டம்ளரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறது... நான் குனிந்து உங்களுக்கு டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

வைக்கிறேன் போனை.