கையில் கோயில் வைத்திருந்த ராசா

மாமாவிடமிருந்து கடைசியாக வந்தது ஒரு படத் தபாலட்டை. ஜேர்மனிக்குக் கொண்டுபோவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் அவரைச் சேர்பியாவில் ஏதோ ஓர் ஊரில் இறக்கி விட்டிருந்தான். அட்டையில் அந்த ஊர்க் கோயில் சுவரில் தீட்டிய ஓர் ஆள் நின்றார். வெள்ளைத் தாடி, முத்துத் தொங்கும் மணிமுடி, கையில் பால் செம்பு அளவில் ஒரு சின்னக் கோயில். பின்பக்கத்தில் மாமா எழுதியிருந்தார்: "அக்கா, இவர் முந்தி இந்த நாட்டை ஆண்ட ராசாவாம். அடுத்த கிழமை ஆறு ஒன்று கடக்க வேணும். செபம் செய்யுங்கோ."

அம்மா ராசா என்ற சொல்லைக் கணக்கெடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் புனிதரை முகத்தைப் பார்த்து அறிவதில்லை, கையைப் பார்த்துத்தான். சூசையப்பர் கையில் லீலிப்பூ, இராயப்பர் கையில் பரலோகக் கதவின் திறப்பு, அந்தோனியார் கையில் குழந்தை. கையில் கோயிலோடு நிற்பவர் புனிதராக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? அந்தோனியார் படத்துக்குக் கீழே ஆணி அடித்து அட்டையை மாட்டினார்.

பெரியம்மா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"யாரடி இவர்? எங்கட வள்ளக்காரச் சம்மாட்டியார் முடி வைச்ச மாதிரிக் கிடக்கு."

"பகிடி பண்ணாதை அக்கா. கோயிலைத் தாங்கிறவர் தம்பியைத் தாங்க மாட்டாரே?"

அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் செபமாலை முடிந்ததும் ராசாவுக்கென்று இன்னொரு செபம். கடலுக்குப் போய்வந்த அப்பா முழங்காலில் நின்றபடியே தூங்கி விழுவார். எனக்குக் கால் நோகும். மாதங்கள் போயின. கடிதம் வரவில்லை. அம்மாவின் குரலும் செபத்தின் நடுவில் தேய்ந்து போகத் தொடங்கியது.

ஒருநாள் பங்குச் சுவாமியார் வீடு மந்திரிக்க வந்தார். தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தவர் அட்டைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இவர் எங்கட புனிதர்களிலை இல்லை அம்மா. இவர் ஒரு ராசா. தான் கட்டின கோயிலைக் கடவுளுக்குக் குடுக்க நிக்கிறார். அதைத்தான் படமாய்க் கீறியிருக்கு."

அம்மா அட்டைக்குக் கிட்டப் போனார்.

"அப்ப இவரும் எங்களை மாதிரிக் கேக்கிற ஆள்தானே, சுவாமி?"

சுவாமியார் என் தலையில் கை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அம்மா ஆணியோடு அட்டையைப் பிடுங்கினார்.

"இவ்வளவு நாளும் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறன். நாளைக்குக் கொழும்புக்குப் போறன். அந்த ஏஜென்சிக்காரனைக் கண்டு நேரே கேக்கிறன்."

மூலையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். அம்மாவின் சொல்லை மறுத்து அவர் பேசி நான் கேட்டதில்லை.

"கொழும்புக்கு ஒண்டும் போக வேண்டாம். அந்த ராசாவிட்டையே கேளும்."

"கோயிலையே இன்னும் குடுத்து முடிக்காத மனிசன். அவரிட்டை என்னத்தைக் கேக்கிறது?"

"கேளும் எண்டு சொல்லுறன்."

அம்மா பயந்துபோய் அட்டையை நீட்டினார். பிறகு கொழும்புப் பேச்சை எடுக்கவேயில்லை. சாகும்வரை அந்த ராசாவிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாவும் போன பிறகு அவருடைய தகரப் பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. மாமாவோடு போன பெடியன் ஒருவன் ஜேர்மனியிலிருந்து அப்பாவின் பெயருக்கு எழுதியது. மை மங்கியிருந்ததால் எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். ஆற்றில் ஆறு பேர் இறங்கியதாகவும், மாமாவைத் தவிர மற்ற ஐந்து பேரும் கரையேறியதாகவும், அக்காவுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றும் இருந்தது. சுவாமியார் வந்த நாளுக்கு இரண்டு மாதம் முந்திய திகதி.

சுவாமியார் வந்த அன்றைக்கு, அம்மா நீட்டிய அட்டையை அப்பா வாங்கி, ஒரு கல்லை எடுத்து, ஆணியைப் பழைய ஓட்டையிலேயே வைத்து அடித்தார். அடிக்கும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. விரலில் பட்டுவிட்டதென்று நினைத்து, ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.